வெயிலுக்கு முறை வைத்த வீடு

1. பெட்டி

எனக்கு ஊர் தேனிப் பக்கம் அனுமந்தன்பட்டி. வயரிங் வேலை. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அதன் பிறகு சுவர் கொத்தினேன், பைப் புதைத்தேன், மோட்டார் மாட்டினேன், யுபிஎஸ் மாட்டினேன். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. ஏணி ஏறுவதைக் குறைத்துவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரு வீட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன். ஒரே ஒரு சோலார் பேனல் வைத்த வேலை. ஒரு தென்னந்தோப்புக்கு முழுசாக லைன் இழுத்தபோதுகூட நான் இவ்வளவு நேரம் நின்று யோசித்தது இல்லை.

ராயப்பன்பட்டியில் சூசை வீடு. சூசைக்குத் திராட்சைத் தோட்டம். அவர் மனைவி பிலோமினா வடகம், வத்தல், மோர்மிளகாய் போட்டு உத்தமபாளையத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பிலோமினா என்னை அண்ணே என்பார். அதனால் சூசை எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. கேலி பேச ஒரு உறவு வேண்டும், அவ்வளவுதான்.

சூசையின் தங்கை அமலி கன்னியாஸ்திரி. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். லீவில் வந்தபோது ஒரு சின்னப் பெட்டியும் வயரும் கொக்கிகளும் கொண்டுவந்திருந்தார். பேனலைத் தேனியில் வாங்கினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

பெட்டிக்குப் பெயர் மைக்ரோ இன்வெர்ட்டர். பேனலில் வருகிற டிசியை ஏசியாக மாற்றி, பிளக் வழியாக வீட்டு லைனுக்குள்ளேயே தள்ளும். பேட்டரி கிடையாது. பகலில் ஓடுகிற கிரைண்டரும் பிரிட்ஜும் அதை முதலில் எடுத்துக்கொள்ளும். பற்றாததற்கு ஈபி கரண்ட் வரும்.

"அங்கன எங்க கான்வென்ட்டுக்கு எதுத்தாப்புல வீட்டுக்கு வீடு பால்கனியில தொங்க விட்டிருக்காக அண்ணே," என்றார் சிஸ்டர். "கடையில வாங்குறாக, மாட்டுறாக, பிளக்கச் சொருகுறாக. வயர்மேனையே கூப்பிடுறதில்ல."

"அப்ப நான் கெளம்புறேன் சிஸ்டர்."

"ஒக்காருங்கண்ணே. காப்பி வருது."

சூசை பால்கனியைக் காட்டினார். தெருவைப் பார்த்த பால்கனி.

"மாப்ள, இது வடக்க பாத்துல்ல இருக்கு?"

"பாக்கட்டுமே. எதுத்த வீட்டுக்காரன் வாசல்ல சீரியல் பல்பப் போட்டுட்டு என்னா மிதப்புல திரியிறான். நம்ம வீட்டுல ஜெர்மனிச் சாமான் தொங்குனா தெருவுக்குத் தெரிய வேணாமா?"

"பேனலு தேனியில வாங்குனது."

"அத நீ ஏன் மச்சான் அவன்கிட்டப் போயிச் சொல்ற?"

ஜெர்மனியில் வெயில் சாய்ந்து வரும் என்று சிஸ்டரே சொன்னார். அங்கே பேனல் சுவரோடு தொங்கினால் முகத்தில் வெயில் படும். இங்கே உச்சி மண்டையில் அடிக்கிற வெயில். தொங்குகிற பேனலுக்கு மேல் விளிம்பு மட்டும்தான் சுடும். ஆனி, ஆடியில் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நகரும். அப்போது வடக்குப் பால்கனியிலும் ஏதோ கொஞ்சம் கரண்ட் வரும். அதைப் பார்த்துவிட்டு நல்ல இடம் என்று ஏமாறுவார்கள். ஐப்பசிக்கு மேல் பேனல் வீட்டு நிழலிலேயே தொங்கும். நம் பக்கம் பேனல் கிட்டத்தட்டப் படுத்துத்தான் கிடக்க வேண்டும். தெற்கே லேசாகச் சாய்த்தால் போதும், மழைத் தண்ணீர் வழிந்து ஓட.

"மாடியில வைப்போம்," என்றேன்.

கீழே வாசலில் மிளகாய் கீறிக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"மாடி என்னுது," என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

2. கால் வைக்க இடமில்லை

ஏறிப் பார்த்தேன். பிலோமினா சொன்னது சரி. நடுவில் வெள்ளை வேட்டி விரித்து வடகம். அதற்கு அடுத்து மோர்மிளகாய். ஓரத்தில் சுண்டவத்தல், கொத்தவரை வத்தல். நடப்பதற்கு ஒரு பாதம் அகலத்துக்குப் பாதை. காக்கைக்குப் பயந்து கறுப்புத் துணி கட்டிய குச்சி ஒன்று. அதன் மேலேயே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

இறங்கி வந்தேன். வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அதுவரை பிளக்கை எதிலும் சொருகாதீர்கள், ஈபி ஆபீஸிலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொன்னேன். சூசை தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை. பேச்சை முடி என்று அர்த்தம்.

3. மூச்சு

அந்த வாரமே மேல்காற்று கிளம்பிவிட்டது. கூடலூர்ப் பக்கம் மலையில் சாரல் இறங்கினால் இங்கே காற்று பிடிக்கும். தென்னை மட்டை ரோட்டில் கிடக்கும். பிலோமினா போன் பண்ணினார்.

"அண்ணே, உங்க மாப்ள தலைக்கு மேல ஒரு சாமானக் கட்டி வச்சிருக்காக. அது மூச்சு விடுது."

"மூச்சா?"

"உப்புது. அமுங்குது. மறுபடி உப்புது."

"அதுக்குக் கீழ ஆரு இருக்கா?"

"நாங்கதான். மிளகா கீறிக்கிட்டு இருக்கோம். வேற எங்கன ஒக்கார? மாடியில காத்து, உள்ள ஒக்காந்தா நெடி."

"எந்திரிச்சு உள்ள போங்க."

"மிளகா தயிர்ல கெடக்குண்ணே."

"மிளகாயும் உள்ள போகட்டும்."

வண்டியை எடுத்தேன். காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. போய்ச் சேர்ந்தபோது மிளகாய்ச் சட்டி மட்டும் உள்ளே போயிருந்தது. பிலோமினாவும், கூட வேலை பார்க்கிற அன்னம்மாவும் அதே இடத்தில் உட்கார்ந்து மேலே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே பால்கனிக் கம்பியில் பேனல். பந்தல் கம்பியால் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருந்தார் சூசை. ஒரு மூலையில் கம்பி அறுந்துவிட்டது. அந்த மூலையைச் சூசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார், மாட்டுக் கொம்பைப் பிடித்த மாதிரி.

"விட்டுறாத மாப்ள!" என்றேன்.

"விட்டா ஏம் பொண்டாட்டி மேல விழும் மச்சான்!"

"அதான் விடாதன்னு சொல்லுறாக," என்றார் அன்னம்மா. "சொல்லித் தர வேண்டியிருக்கு."

இரண்டு பேரையும் கையைப் பிடித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

சூசை கட்டியதில் பிழை இல்லை. திராட்சைப் பந்தலில் அந்தக் கட்டு வருஷக்கணக்கில் நிற்கும். குலை குலையாகக் காய் தொங்கினாலும் அசையாது. ஆனால் பந்தல் சல்லடை மாதிரி. காற்று ஊடே போய்விடும். பேனல் பலகை. காற்று அதற்குப் பின்னால் புகுந்தால் வெளியே போக வழி இல்லை. தள்ளும், இழுக்கும், தள்ளும். கம்பி பேனலின் சட்டத்தில் உரசி உரசி ஒரு இடத்தில் அறுந்தது. அது போக, பந்தலை இழுக்கிற மாதிரி முறுக்கி இழுத்திருந்ததால் சட்டமே லேசாகக் கோணியிருந்தது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியிருந்தால் கண்ணாடி போயிருக்கும்.

4. போர்வை

வீட்டுக்குள் யுபிஎஸ் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. காற்றில் லைன் எங்கோ தட்டி ஊரில் கரண்ட் இல்லை. யுபிஎஸ் முன்னால் சிஸ்டர் நின்றார். கையில் ஜெபமாலை.

"சிஸ்டர், இதுக்கு ஜெபம் பத்தாது. பிளக்கப் புடுங்குங்க."

பிடுங்கினார். கத்தல் நின்றது.

சூசை செய்தது இதுதான். பால்கனிக்குப் பக்கத்தில் எந்த பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்தார். ஒன்று இருந்தது. அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டி, அதில் சொருகிவிட்டார். அது யுபிஎஸ் லைன். ஈபி கரண்ட் போனால் இந்தச் சின்னப் பெட்டி தானாக நின்றுவிட வேண்டும். அப்போதுதான் கம்பத்தில் ஏறுகிறவர் உயிருக்கு நல்லது. இங்கே யுபிஎஸ் கொடுத்த கரண்டை ஈபி கரண்ட் என்று நம்பிப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பேனல் கரண்ட் யுபிஎஸ்ஸுக்குள் தலைகீழாக ஏறியது. அது கத்தாமல் என்ன செய்யும்?

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. ஆனால் வெயில் அடிக்கிற வரை பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. முன்பக்கம் வெயில் பட்டால் பின்பக்கம் வயரில் டிசி இருக்கும். அதைக் கழற்றுகிற முன் பேனலை மூட வேண்டும்.

"கனமான துணி ஏதாச்சும் இருக்கா?" என்றேன்.

பிலோமினா உள்ளே போய் ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். சிஸ்டர் போன லீவில் வாங்கி வந்தது. நம் ஊர் வெயிலில் அது பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லையாம்.

நானும் சூசையும் போர்வையைப் போட்டுக் கயிற்றால் சுற்றினோம். வயரைக் கழற்றினோம். பிறகு பேனலை உள்ளே இழுத்து ஹாலில் சாத்தி வைத்தோம்.

"ஆத்தாடி," என்றார் அன்னம்மா. "பச்சப் புள்ளைக்குப் போத்துன மாதிரில்ல இருக்கு."

பிலோமினா சிரிக்கவில்லை. அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பேனலின் மூலையைத் தொட்டுப் பார்த்தார். கூரான மூலை. பிறகு வாசலில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"இந்தச் சாமான் எதுக்கு நம்ம வீட்டுக்கு?" என்று கேட்டார்.

சிஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. "ஒனக்குத்தான் மதினி. காலையிலருந்து கிரைண்டர் ஓடுது. வத்தல்ல வர்றதெல்லாம் கரண்ட் பில்லுக்கே போகுதுன்னு அண்ணன் போன்ல சொன்னாரு. அதான் கொண்டுவந்தேன்."

"எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"என்கிட்ட ஆரும் சொல்லலையே."

எல்லோரும் சூசையைப் பார்த்தோம்.

"சொல்லணும்னுதான் நெனச்சேன்," என்றார் சூசை.

5. முறை

மறுநாள் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. எல்லோரும் மாடிக்குப் போனோம். இந்தத் தடவை பிலோமினா முன்னால் நடந்தார்.

"இங்கன வைங்க," என்று ஒரு மூலையைக் காட்டினார். தண்ணீர் டேங்குக்குப் பக்கம்.

தரையைப் பார்த்தேன். மற்ற இடத்தில் தளம் போட்ட தட்டோடு வெயிலில் வெளுத்திருந்தது. அங்கே கறுத்துக் கிடந்தது. வெயில் பாதி நேரம்தான் என்று தரையே சொன்னது.

"மூணு மணிக்கு மேல இங்கன டேங்கு நிழல் விழுகும்மா."

"விழுகட்டும். அதுக்கும் அசதியா இருக்கும்ல?"

பேனலில் ஒரு மூலைக்கு நிழல் வந்தால் அந்த மூலையோடு போகாது. வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் கடைசி வரை தண்ணீர் குறைகிற மாதிரி, மொத்த வரவும் குறையும். அதைச் சொன்னேன். பிலோமினாவுக்கு அது தெரியாமல் இல்லை. அந்த மாடியில் எந்த நேரத்துக்கு எந்த நிழல் எங்கே நகரும் என்று அவருக்கு மனப்பாடம். தெரிந்தேதான் அந்த மூலையைக் கொடுத்தார். திராட்சை புரோக்கரிடம் சூசை பேரம் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

நல்ல இடம் ஒன்றுதான். தெற்கே தள்ளி நடுவில். எந்த நிழலும் தொடாது. கைப்பிடிச் சுவரை விட்டு உள்ளே இருக்கிறது. காற்று சுவரில் மோதி மேலே எழும்புகிற வேகம் ஓரத்தில்தான் அதிகம், அது இங்கே வராது. அந்த இடத்தில் வெள்ளை வேட்டி விரித்து வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கன மட்டும் கேக்காதீக," என்றார் பிலோமினா. "அங்கனதான் ஒரே வெயில்ல காயும். ஒரு நா தள்ளிப் போச்சுன்னா வடகம் புளிச்சுப் போகும். கடைக்காரன் திருப்பி அனுப்புவான்."

"நான் சொல்லுறேன், அங்கன வை மச்சான்," என்றார் சூசை.

"நீங்க சொன்ன எடத்துலதான அன்னைக்குக் கட்டுனீக?"

சூசை காக்கையை விரட்டப் போய்விட்டார்.

"கண்ணாடி நல்லா சுடுதே," என்றார் அன்னம்மா. "அதுமேலயே வடகத்தப் போட்டா என்னா?"

"வடகம் ஒட்டிக்கிரும். கரண்டும் வராது," என்றேன்.

சிஸ்டர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிலோமினா நாத்தனார் முகத்தைப் பார்த்தார். வடகத்தைப் பார்த்தார்.

"எங்க அப்பா தோட்டத்துல வாய்க்காத் தண்ணிக்கு முறை வைப்பாக," என்றார். "ஒருத்தரு முறையில இன்னொருத்தரு மடையத் தொடக் கூடாது. வெயிலுக்கு அப்பிடி வைக்க முடியாதாண்ணே?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேனல் உருட்டிக்கொண்டு திரிகிற சாமான் இல்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் வைத்தால் காற்று அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அப்புறம் யோசித்தேன். இரண்டு இடத்திலும் அசையாத அடித்தளம் போட்டுவிட்டால்? பேனல் ஒன்று, கால் ஊன்ற இடம் இரண்டு.

"வருசத்துக்கு ரெண்டு தடவ மாத்தித் தாரேன்," என்றேன். "அதுக்கு மேல கேக்கக் கூடாது. நான் இல்லாமத் தொடவும் கூடாது."

"மாசியிலருந்து வைகாசி வரைக்கும் நடு எடம் எனக்கு. அதுதான் வடகத்துக்கு நாளு. ஆனியிலருந்து காத்துல வேட்டி நிக்காது, நான் டேங்குப் பக்கம் ஒதுங்கிக்கிருவேன். தை முடியிற மட்டும் நடுவுல அந்தப் பேனலு இருக்கட்டும்."

"நல்ல வெயில் மாசமெல்லாம் நீ எடுத்துக்கிருற," என்றார் காக்கையை விரட்டிவிட்டு வந்த சூசை.

"பின்ன? இந்த மாடிக்கு மூத்தவ நான்."

6. கல்லுக்கால்

சூசை தோட்டத்தில் ஒடிந்த பந்தல் கல்லுக்கால்கள் கிடந்தன. அவரே டிராக்டரில் கொண்டுவந்தார். இரண்டு இடத்திலும் நீளவாக்கில் படுக்க வைத்து, இரும்பு ஆங்கிளை அதோடு கிளாம்ப் போட்டு முறுக்கினோம். தட்டோட்டைத் துளைக்கவில்லை. துளைத்தால் மழைக்கு ஒழுகும். பேனல் தரைக்குப் பக்கத்தில், அடியில் காற்றாட ஒரு சாண் இடைவெளி விட்டு உட்கார்ந்தது. உயர்த்தினால் காற்று தூக்கும். ஒட்டி வைத்தால் சூடு ஏறும். சட்டத்துக்கு எர்த் கொடுத்தேன். வயரை நடக்கிற வழியில் விடாமல் பைப்புக்குள் விட்டுச் சுவரோரமாக இறக்கினேன்.

கீழே யுபிஎஸ் லைனைத் தொடாமல் மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ஈஎல்சிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சூசை கையிலேயே கொடுத்து மறைத்து வைக்கச் சொன்னேன். ஜெர்மனிப் பிளக்கின் உருண்டைக் கால் நம் பாயிண்டில் சரியாக உட்காராது. வெட்டிவிட்டு நம் பவர் பிளக் போட்டேன்.

ஈபியில் எழுதிக் கொடுத்தோம். அங்கும் இது புதுசு. வந்து பார்த்தார்கள். கரண்ட் போனால் பெட்டி நிற்கிறதா என்று மெயினை இறக்கிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மீட்டரை மாற்றினார்கள். பழைய மீட்டர் சிலது வெளியே போகிற கரண்டையும் வாங்கின கணக்கில் ஏற்றிவிடும். இதெல்லாம் முடிகிறதுக்குள் சிஸ்டர் லீவு முடிந்து போய்விட்டார். ஓடுகிறதை அவர் வீடியோ காலில்தான் பார்த்தார்.

பிலோமினா கிரைண்டரைப் போட்டார். போனில் சிஸ்டர் ஆவலாக, "எப்பிடி இருக்கு மதினி?" என்று கேட்டார்.

பிலோமினா மாவைத் தொட்டுப் பார்த்தார். "அதே மாவுதான்," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை நான் பார்த்துவிட்டேன்.

கூலியோடு ஒரு பை வடகமும் கொடுத்தார். டேங்கு நிழலில் காய்ந்தது. லேசாக நமுப்பு. வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டேன்.

7. மாசி

மாசி பிறந்ததும் போன் வந்தது. "அண்ணே, முறை மாறுது."

போனேன். வாசலிலேயே சூசை மறித்தார்.

"நாலு நாளு கழிச்சு வாயேன் மச்சான். வெயிலு இப்பத்தான ஏறுது. எதுத்த வீட்டுக்காரன் வேற மாடிக்கு வந்து பாக்குறேன்னு சொல்லிருக்கான்."

மேலே இருந்து சத்தம் வந்தது. "ஒங்க தண்ணி முறையில பக்கத்துத் தோட்டக்காரன் நாலு நாளு கேட்டா விடுவீகளா?"

சூசை வழி விட்டார்.

மாடிக்கு ஏறினேன். நடு இடத்தில் பேனல் கம்பளிப் போர்வைக்குள் கிடந்தது. கயிறு சுற்றி, முடிச்சுப் போட்டு. பக்கத்தில் மடித்த வெள்ளை வேட்டியோடு பிலோமினா.

"பிளக்கப் புடுங்கிட்டேன். பெட்டியில லைட்டு அணைஞ்சதப் பாத்தேன். பெறகுதான் போத்துனேன். வேற எதையும் தொடல. சரியாண்ணே?"

"சரிம்மா."

நட்டைக் கழற்றினேன். சூசை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கி டேங்குப் பக்கம் வைத்து முறுக்கினோம். நாங்கள் முடிக்கிறதுக்குள் நடு இடத்தில் வேட்டி விரிந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். காற்றைப் பாருங்கள். நிழலைப் பாருங்கள். எந்த லைன் என்று பாருங்கள். இதெல்லாம் பழகப் பழகத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால், அந்த மாடியில் என்ன காய்கிறது என்று பாருங்கள். காயப் போட்டவர் யார் என்று கேளுங்கள். அவரிடம் பேசிவிட்டு ஏணியைச் சாத்துங்கள்.